கீறாமல் விட்ட வயர்

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது உப்புநீர்க் களப்போரத்துப் பாதையைக் கழுதைகள் மறித்துக்கொண்டு நின்றன. ஹோனை அழுத்தினேன். சத்தத்துக்குப் பதிலாக ஹெண்டிலுக்குக் கீழிருந்து மணம் வந்தது. வயரின் மேலுறை கருகும் மணம். பைக்கை ஓரங்கட்டிச் சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஹெண்டில் திரும்பும் இடத்தில் வயர் உராய்ந்து தோல் உரிந்திருந்தது. அது பெரிய விடயமில்லை. ஆனால் போன மாதம் பைக்கைப் பார்த்த கராஜ்காரன் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பித் துண்டொன்றை முறுக்கி வைத்திருந்தான். நான் மன்னிக்காதவர்களின் வரிசையில் அவனும் போய்ச் சேர்ந்தான். கழுதைகள் அசையவில்லை. அந்த மணத்தோடு நீ வந்து நின்றாய்.

போனவர்களை அத்தர் மணத்தோடு நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உன்னை எனக்குத் தருவது கருகிய வயர்தான். நீ என்ஜினுக்குப் பிறந்தவன். காதைக் கொடுத்துக் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வாய். வயர் என்றால் மட்டும் உனக்கு எரிச்சல். லைட் எரியாத பைக் வந்தால் சந்தேகப்பட்ட இடத்தில் வெட்டுவாய், முறுக்குவாய், டேப் சுற்றுவாய். சரிவராவிட்டால் இன்னோர் இடத்தில் வெட்டுவாய். உன் கையிலிருந்து வெளியே போன பைக்குகள் எல்லாம் உடம்பு முழுக்கக் கட்டுப்போட்ட நோயாளிகள்.

நாம் வடக்கில் ஒரே ஊரிலிருந்து, ஒரே நாளில், மீசை அரும்பும் வயதில், முஸ்லிம்கள் என்பதற்காக இயக்கக்காரரால் வெளியேற்றப்பட்டுப் படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்கள். ஓலைக் கொட்டில்களில் அடுத்தடுத்து இருந்தோம். நான் படித்துப் பட்டம் வாங்கித் தொழினுட்பப் பாட ஆசிரியன் ஆனேன். நீ கரைத்தீவுப் பாதையோரத்தில் தகரம் அடித்து கராஜ் போட்டாய். அதிபர் பதவிக்கு நான் விண்ணப்பித்த போதெல்லாம் இங்கே கல்விக் கந்தோரில், "உங்கட மாவட்டத்தில கேளுங்க" என்றார்கள். வடக்கில் உள்ள கந்தோரில் கேட்டால், "நீங்க இப்ப புத்தளம்தானே" என்றார்கள். அதைச் சொல்லி உன் கராஜில் குமுறிக்கொண்டிருந்தேன். நீ ஸ்பெனரைத் துடைத்தபடி பாதையைக் காட்டினாய்.

"அந்தக் கழுதையப் பாரு மச்சான். அதுக்கு எந்த ஊர் எண்டு கேட்டா புத்தளம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. நம்மளத்தான் ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு கந்தோர்களையும் இன்னும் மன்னிக்கவில்லை.

படம் கீறும் வேலை உன் எரிச்சலில்தான் தொடங்கியது. கம்பனிப் புத்தகத்தில் இருந்த வயரிங் படத்தை விரித்து வைத்து உனக்கு விளக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது படமா, இடியப்பமா?" என்றாய். ஹோன் அடிக்காதவனுக்கு ஹோனுக்குப் போகிற வழி மட்டும் போதும், மற்றதையெல்லாம் எடுத்துவிடு என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. முழுப் படம்தான் உண்மை, பாதியைக் காட்டுவது பொய்யில் பாதி என்று வாதாடினேன்.

"உண்மைய நீ வச்சுக்க. எனக்கு ஹோனத் தா."

அப்படித்தான் ஒரு கோளாறுக்கு ஒரு தாள் என்று கீறத் தொடங்கினேன். ஹோனுக்கு ஒன்று: பெட்டரி, பியூஸ், சாவி, அழுத்துகிற பொத்தான், ஹோன், எல்லாம் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் பெட்டிகளாக. ஹெட்லைட்டுக்கு ஒன்று. ஸ்டார்ட் எடுக்காததற்கு ஒன்று. கோட்டுக்கு மேலே வயரின் நிறம். பெட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெட்டியாகச் சோதனை பல்பை வைத்துப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். எங்கே பல்ப் எரியாமல் போகிறதோ, அதற்கும் அதற்கு முந்திய பெட்டிக்கும் நடுவில்தான் கோளாறு. நீ தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தகரத்தில் தொங்கவிட்டாய். வெட்டுவதை விட்டாய். கொஞ்சக் காலத்தில் உப்பளத்துக்கும் மீன்வாடிக்கும் போகிற பைக்குகள் எல்லாம் வயர் வேலைக்கு உன்னிடம் வந்தன. தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வந்து வழியில் நின்றுபோன சிலாபத்துச் சிங்களத் தச்சு பாஸ் ஒருவர், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாமலே கோட்டை விரலால் தொடர்ந்து போய்த் தன் பைக்கைத் தானே சரிசெய்துகொண்டார். 'ஷோக்' என்று மெச்சி என் தோளில் தட்டிவிட்டுப் போனார். என் பட்டத்துக்கு யாரும் அப்படித் தட்டியதில்லை.

ஒரே ஒரு விடயத்தில் நாம் ஒத்துப்போகவில்லை. மின்சாரம் பெட்டரியிலிருந்து போனால் மட்டும் போதாது, திரும்பிப் பெட்டரிக்கு வந்து சேரவும் வேண்டும். பைக்கில் அந்தத் திரும்பும் வழி பெரும்பாலும் வயர் அல்ல, பைக்கின் இரும்புச் சட்டமே. எர்த் என்கிறோமே, அது. அதையும் கீற வேண்டும் என்றேன் நான். நீ மறுத்துத் தலையை ஆட்டினாய். "போற வழியக் கீறு. வாறது தானா வரும்."

வரவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவர், உப்புக்காற்று பைக்கைத் தின்கிறது என்று சொல்லி உன்னிடம் கொண்டுவந்து விட்டார். நீ எல்லாவற்றையும் கழற்றி, சட்டம் முழுக்கத் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டினாய். பார்க்கப் புதுப் பைக். சாவியைத் திருப்பினால் லைட்டும் இல்லை, ஹோனும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தாள் தாளாகப் பார்த்தேன். நான் கீறிய கோடெல்லாம் சரியாக இருந்தது. வெங்காயக்காரர் கதிரையில் இருந்தபடி, சேர் படம் கீறினது வேறு யாருடைய பைக்குக்கோ போல என்றார். கடைசியில் உன் கையிலிருந்த ஸ்பெனர் தவறி, பெட்டரியின் எர்த் முனைக்கும் என்ஜினுக்கும் நடுவில் விழுந்தது. லைட் எரிந்தது. எர்த் வயரைச் சட்டத்தோடு பூட்டுகிற திருகாணிக்குக் கீழேயும் நீ பெயின்ட் அடித்திருந்தாய். இரும்பை இரும்பு தொடவில்லை.

அன்றைக்கே எல்லாத் தாள்களிலும் திரும்பும் வழியைக் கீற உட்கார்ந்தேன். மறுபடி இடியப்பமா என்று பேனையைப் பறித்தாய். சமரசமாக, கோட்டின் முடிவில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் குறுகிக்கொண்டு போகும் மூன்று சின்னக் கோடுகளை மட்டும் போட்டேன். பாடப்புத்தகத்தில் எர்த்துக்குப் போடுகிற குறி. அதைக் கண்டால் ஆணியைக் கழற்றிச் சுரண்டு என்று நமக்குள் அர்த்தம். மற்றவனுக்கு அது வெறும் கீறல்.

சண்டை முடிந்து வடக்குப் பாதை திறந்து, ஆட்கள் போய்த் தங்கள் காணிகளில் மண்டிய காட்டை வெட்டத் தொடங்கியபோது, நீயும் ஊரைப் பார்த்துவிட்டு வந்தாய். திரும்பிப் போய்விடப் போகிறேன் என்று ஒரு பின்னேரம் சொன்னாய். உன் குரலில் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியேற்றப்பட்ட அன்று நாம் பைகளோடு ஊர் ஒழுங்கையால் நடந்தபோது அக்கம்பக்கத்தார் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களே, ஒருவர் கூட வாய் திறக்கவில்லையே, அவர்களோடு போய் எப்படி இருப்பாய் என்று கேட்டேன்.

"நிண்டது உண்மதான். நிண்டவங்கள்ல பாதிப்பேர் பயத்தில நிண்டவங்க மச்சான்."

"பயந்தவன் பிறகு வந்து எங்கட வீட்டுக் கதவக் கழட்டுவானா?"

எங்கள் எதிர்வீட்டுக்காரனைத்தான் சொன்னேன். நம்மோடு பந்தடித்தவன். எங்கள் வீட்டு முன்கதவு, நிலையோடு, அவன் வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஊரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவனே நீதான். அடுத்த கிழமை தகரத்தையும் சாமான்களையும் லொறியில் ஏற்றினாய். படங்களையாவது விட்டுவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். அவற்றைத்தான் முதலில் கழற்றி வைத்திருந்தாய்.

முதல் வருடம் அடிக்கடி அழைத்தாய். என் காணியையும் சேர்த்து வெட்டித் துப்புரவாக்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். கேட்காமல் செய்த உதவிக்கு நான் நன்றி சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல, கராஜில் கூட்டுக்கு ஆள் சேர்த்துவிட்டேன் என்றாய். யார் என்று கேட்டேன். அந்த எதிர்வீட்டுக்காரன். போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ எடுத்தபோதெல்லாம் பெருநாள் வாழ்த்து அளவுக்குத்தான் கதைத்தேன்.

இன்றும் சொல்கிறேன், நீ செய்தது பிழை. ஒரு மனிதன் தன் ஊருக்குத் திரும்பிப் போகலாம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எடுத்தவன் 'எடுத்தேன்' என்று ஒரு சொல் சொல்லுமுன் அவனுக்குக் கதிரை போட்டுப் பக்கத்தில் இருத்தக் கூடாது.

நெஞ்சுவலி என்றார்கள். எனக்குச் செய்தி வந்தபோது உன்னை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். இங்கிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் உன் வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அதற்காக வருந்துகிறேன் என்று எழுதி உன்னைச் சந்தோஷப்படுத்தவும் போவதில்லை. வீட்டில் இருந்து குர்ஆனில் யாசீன் ஓதினேன். அது உனக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"சேர், நான் கராஜிலயிருந்து."

பெயரைச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. முப்பது வருடம் தாண்டியும் குரல் தெரிந்தது. உன் மனைவிக்காக இப்போது அவன்தான் கராஜை நடத்துகிறானாம். ஒரு பைக் வந்திருக்கிறது, எதுவுமே வேலை செய்யவில்லை என்றான். "நீங்க கீறின எல்லாத்தையும் பாத்திட்டன் சேர். எல்லாம் சரியாக் கிடக்கு. ஒண்டும் எரியுதில்ல."

அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்கலாம். அவனிடம் சொல்வதற்கென்று இத்தனை வருடம் சேர்த்து வைத்த வசனங்கள் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. ஆனால் பைக்குக்கு என்ன கோளாறு என்பது அவன் சொல்லி முடிக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. அவனை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டுக் கேட்டேன்.

"கோட்டின்ட முடிவில மூண்டு கீறல் கிடக்கே. அதப் பாத்தாச்சா?"

அவன் தயங்கினான். "அது உங்கட கையெழுத்து எண்டுதானே அவர் சொன்னவர்."

எர்த் குறி, என் கையெழுத்தாம்.

சிரிப்பு வந்தது. அவன் காதில் விழச் சிரிப்பது என் எண்ணத்தில் இல்லாதபடியால் அடக்கிக்கொண்டேன். நீ எர்த் தெரியாதவன் அல்ல. அந்த வெங்காயக்காரரின் பைக்குக்குப் பிறகு நீ முதலில் சுரண்டிப் பார்ப்பதே அந்த ஆணியைத்தான். அவனுக்கு மட்டும் ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை? பகிடிக்குச் சொல்லிவிட்டு மறந்துபோனாயா? அல்லது, நீ இருக்கும் வரை அந்த வேலையை நீயே பார்த்துக்கொண்டு, நீ இல்லாத நாளில் அவன் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று வைத்துவிட்டுப் போனாயா? கேட்பதற்கு நீ இல்லை. உன் மேல் எனக்குள்ள கோபங்களில் அதுவும் ஒன்று.

சொல்லிக் கொடுத்தேன். எர்த் வயர் எங்கே பூட்டியிருக்கிறது என்று தேடச் சொன்னேன். ஆணியைக் கழற்றி, கீழே வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டச் சொன்னேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டினான். அந்தச் சத்தத்தை நான் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்து, "எரியுது சேர்" என்றான். நன்றி என்றான். வைக்காமல் நின்றான்.

"சேர், உங்கட வீட்டுக் கதவு..."

"முதல்ல ஆணிய இறுக்குங்க," என்றேன். "மேல கொஞ்சம் கிறீஸ் பூசுங்க. இல்லாட்டித் திரும்பத் துருப்பிடிக்கும்."

வைத்துவிட்டேன். 'இறுக்குங்க' என்று வாயில் வந்தது பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவன் இப்போதும் அழைக்கிறான். எப்போதும் ஞாயிறு பகல்தான். வயர் மட்டும் கதைக்கிறோம். கதவைப் பற்றி அவன் மறுபடி தொடங்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொரு முறை தொடங்கினால் முடிக்க விடுவேனா என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவன் மேலுள்ளதையும் உன் மேலுள்ளதையும் ஒன்றும் குறையாமல் வைத்திருக்கிறேன். போன ஞாயிறு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. கோளாறான பைக் ஒன்றும் வந்திருக்காது. பின்னேரமாகியும் ஏன் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். நேரம் பார்க்க என்றேன். எங்கள் வீட்டுச் சுவரில் எவ்வளவு பெரிய மணிக்கூடு இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.