இளவரசி டோர்காவின் காய்ச்சல்

மால்மோ
வியாழன்

அன்புள்ள பாலிந்த்,

இங்கே நான் நலம். அங்கே நீயும் அத்தையும் நலமா? நம் மகள் டோர்காவுக்குக் காய்ச்சல் விட்டதா?

நம் குடும்பத்தையே அரச வம்சமாக மாற்றி நீ அனுப்பிய கோட்டை கேமைத்தான் வேலை முடிந்ததும் விளையாடுகிறேன். உங்கள் முகங்களைப் பார்க்கலாமே. செவ்வாயன்று அதில் இளவரசி டோர்கா காய்ச்சலில் படுத்தாள். மறுநாள்தான் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று உன் போன் வந்தது. சிரிக்காதே. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். காலம் நின்ற பிறகும் படத்தில் அவள் மூச்சு விடுகிறாள்.

"அணைச்சிட்டுத் தூங்குடி, படிச்சவதானே நீ?" என்கிறாள் அறைத்தோழி கைசா.

கம்பளிக் காலுறை அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, டோர்காவுக்குப் போட்டுவிடு.

ஆட்டத்தில் அவள் பெயரைத் தொட்டால் 'தாய்: யாருமில்லை' என்று வருகிறது. என்னைச் சேர்க்க மறந்துவிட்டாய். சேர்த்து உடனே அனுப்பு. அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்த பிறகுதான் காலத்தை ஓடவிடுவேன்.

அவசரத்தில்,
ஆக்னேஷ்