பழைய பத்திரத்தின் மேல்

திருப்போரூர், 12.8.2004

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நாங்கள் உருவாக்கும் தமிழ் எடிட்டர் மென்பொருள், அடிப்பதை நிமிடத்துக்கொருமுறை தானாகவே சேமிக்க வேண்டும் என்கிறார் மேலாளர் பரணிதரன். மின்வெட்டுக்கு நல்லதென்று நானும் நம்பினேன். நேற்று, பத்திரம் டைப் செய்யும் ரெஜினாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவள் வழக்கம்போல் பழைய பத்திரத்தைத் திறந்து அதன்மேலேயே புதுப் பெயர்களை அடித்தாள். கடைசியில்தான் வேறு பெயரில் சேமிப்பாளாம். அதற்குள் எடிட்டர் தானாகவே அதே பெயரில் சேமித்துவிட, பழையது போய்விட்டது.

“இன்னாக்கா, பழச முழுங்கிட்டு கம்முனு குந்திகினு கீதே உன் எடிட்டரு!” என்றாள். நல்லவேளை, அது சோதனைப் பிரதி.

இன்றைய கூட்டத்தில் இந்த வசதி வேண்டாமென்று சொல்லப்போகிறேன். என்னை வேலையில் நிரந்தரமாக்கும் கையெழுத்து மேலாளருடையது. கவலைப்படாதீர்கள்.

பருப்புப்பொடி அனுப்புங்கள். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் ‘சொல்லிவிடு’ என்று ஒரு வரி எழுதுங்கள். அலுவலக வண்டி வந்துவிட்டது.

மகள்,
ரோகிணி