மூன்று விரல் பிடி

அன்புள்ள சின்னவளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று எப்போதும் கேட்பேன், இந்த முறை கேட்கப் போவதில்லை, கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அந்த வார்த்தைக்கு நீ கொடுக்கும் மரியாதை எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பிடி போட அனுப்பிய கத்தி வந்துவிட்டது என்று தபால் உறையைத் தடவிப் பார்த்திருப்பாய். வரவில்லை, கடிதம் மட்டும்தான். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபத்தில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவதிலேயே தாள் தீர்ந்துவிடும். அக்கா மூன்றாம் மாடிக்குக் குடிபோய்விட்டாள், ஏறி இறங்கி முழங்கால் போச்சு என்று இந்த வயதிலேயே புலம்பல். அவள் பிள்ளைக்குக் கீழ்ப்பல் முளைத்துவிட்டது, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காலைக் கடித்துத் துப்பிவிட்டான். அப்பாவுக்கு இருமல் அடங்கியிருந்தது, உன் கத்திக்கு மரம் அறுத்த தூசியில் திரும்பி வந்துவிட்டது. எந்த மரம் தெரியுமா, நான் உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலியின் கால். ஊரில் மரத்துக்குப் பஞ்சம் வந்த மாதிரி அதைத்தான் கழற்றினார். கேட்டால், “நல்லா காஞ்ச மரம், இனிமே வெடிக்காது” என்கிறார். நான் இப்போது நின்றுகொண்டே நறுக்குகிறேன்.

நீ என்ன எழுதியிருந்தாய்? காட்டில் மரம் அளக்கும் இடத்தில் ஓயாத மழை, பிடி ஊறி உடைந்துவிட்டது, அலகு நன்றாக இருக்கிறது, அப்பா புதுப் பிடி போடட்டும், நீ உறை தைத்துக் கொடு என்று. நான் பை தைக்கும் பட்டறையில் இத்தனை வருஷம் ஊசி பிடித்தும் நீ ஒருநாளும் எதையும் தைத்துக் கேட்டதில்லை, கேட்டுவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பழைய கைப்பையைப் பிரித்து அதன் தோலைத்தான் எடுத்து வைத்தேன். அப்பா அலகின் மேல் கனமாகத் துணி சுற்றிக் கட்டி, பிடிக்குள் போகிற வால் பகுதிக்கு இரண்டு பக்கமும் மரப்பட்டை வைத்து, துளை போட்டுப் பித்தளைக் கம்பி அடித்து, பசை காயும்வரை இறுக்கி என் சமையல் மேடையிலேயே வைத்திருந்தார். பொறுத்துக்கொண்டேன். அரத்தால் ராவினார், உப்புத்தாள் போட்டார், எண்ணெய் தேய்த்தார், நடுநடுவே போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். யார் என்றால் கூட வேலை பார்த்த நண்பராம். நண்பரிடம் யாராவது “இப்ப வலிக்குதாம்மா” என்று கேட்பார்களா? அன்றே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

உறைக்கு அளவெடுக்கப் பிடியைக் கையில் பிடித்தேன். விரல் பதிய அழகாகப் பள்ளம் எடுத்திருந்தார், ஆனால் மூன்றுதான். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் கை வழுக்காமல் தடுக்க ஒரு மேடு. என் சுண்டுவிரல் போக இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. இதென்ன என்றேன். அழகுக்கு என்றார். அவர் வாழ்க்கையில் எதை அழகுக்குச் செய்திருக்கிறார்? நம் வீட்டு அலமாரிக் கதவை நீயே பார்த்திருக்கிறாய், தாழ்ப்பாளுக்குப் பதில் ஆணியும் கயிறும். நான் தோலைச் சுருட்டி வைத்துவிட்டேன், உண்மையைச் சொல்லாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏற்கனவே வழவழவென்று இருந்த பிடியையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார் மனிதர். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார். பழைய பிடி சும்மா ஊறி உடையவில்லையாம், கிளை வெட்டும்போது உன் கையிலேயே உடைந்ததாம், அலகு திரும்பி வலது சுண்டுவிரலில் பாதி போய்விட்டதாம், தையல் போட்டு ஆறியும் விட்டதாம், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கினாயாம்.

அடிப்பாவி. உன் அக்காவுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், பல் முளைத்த அந்தப் பொடியனுக்குப் பேச வந்தால் அவனும் சொல்லியிருப்பான், எனக்கு மட்டும் தெரியக் கூடாது. அக்காவைப் பிடித்து உலுக்கினால், “உனக்குச் சொன்னா தாங்க மாட்டே, வேலையை விட்டுட்டு வான்னுதான் சொல்லுவே” என்கிறாள். ஆமாம், சொல்லியிருப்பேன். நீ மாட்டேன் என்றிருப்பாய். நான் அழுதிருப்பேன், நீ கத்தியிருப்பாய், அது நீயும் நானும் போட வேண்டிய சண்டை, அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டாய். நீ பிறந்ததும் துணியை விலக்கி உன் விரல்களைத்தான் முதலில் எண்ணினேன். பத்தும் இருக்கிறதா என்று பார்த்தவளிடம் ஒன்று குறைந்தால் சொல்ல வேண்டாமா?

உறை தைக்கும்போது இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு பட்டை வைப்போம், கத்தியின் வாய் நூலில் பட்டு அறுத்துவிடாமல் இருக்க. அப்பாவை அந்தப் பட்டை மாதிரி நமக்கு நடுவே வைத்துவிட்டாய். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால்தான் இருமினாரோ என்னவோ. நான் என்ன கத்தி வாயா, பட்டவுடன் உன்னை அறுத்துவிட?

இத்தனை திட்டிவிட்டு உறையையும் தைத்து முடித்துவிட்டேன், அந்தக் கோபம் வேறு. தோலை நனைத்து, அலகைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் எடுத்துக் காயவைத்தேன். வழக்கமான இறுக்கத்தில்தான் தைத்தேன். பிறகு என் வலது சுண்டுவிரலை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு உருவிப் பார்த்தேன், வரவில்லை, பிடி கையில் சுழன்றது. தையல் முழுவதையும் பிரித்தேன். வாய்ப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, கட்டைவிரலால் தள்ளிவிட ஒரு மடிப்பு வைத்து, கவிழ்த்தால் விழாமலிருக்க ஒரு தோல்வாரும் பட்டனும் வைத்துத் திரும்பத் தைத்தேன். இப்போது ஒரே இழுப்பில் வருகிறது. அப்பாவின் மேடும் கையை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, அவரிடம் அதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, உனக்குத்தான் மறைக்க நன்றாக வருமே. ஈரக் கத்தியை உறையில் போடாதே, துருப்பிடிக்கும்.

ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் வந்து வாங்கிக்கொண்டு போ. வேலையை விடு என்று சொல்ல மாட்டேன், சத்தியம், நான் செய்கிற சத்தியம் வேறு மாதிரி. வந்து கையை நீட்டினால் போதும், பார்த்துவிட்டுக் கத்தியைக் கொடுத்துவிடுகிறேன். குளிரில் அந்த விரல் விறைக்கிறதா, இரவில் வலிக்கிறதா, எதையும் போனில் சொல்லாதே, குரலில் நீ ஏமாற்றிவிடுவாய். எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் அந்தக் கையாலேயே எழுது, அப்பா பெயருக்கு இல்லை, என் பெயருக்கு.

மீதி ஒன்பதரையும் பத்திரமாக இருக்கட்டும். நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு. எழுத வரவில்லை என்று சாக்கு சொல்லாதே. என் சுண்டுவிரலில் கட்டிய துணியை நான் அவிழ்க்கவே இல்லை, இந்தக் கடிதம் முழுவதையும் அப்படித்தான் எழுதினேன். எழுத வருகிறது.

கோபம் தீராத
உன் அம்மா