அப்பா குப்பையில் போட்ட குட்டிப் படம்

ஓசூர்,
8.2.2009

அன்புள்ள சத்யாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்தான் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது. உன் கை எப்படி இருக்கிறது? பனியில் வழுக்கி விழுந்து கட்டுப் போட்டதை ஒரு வாரம் கழித்துப் போனில் சொன்னாய். கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலாவது சொன்னாயே, ரொம்ப சந்தோஷம்.

இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிக்காதே. ஊரில் எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை நிறையக் குட்டிக் குட்டிப் படமாக இருக்கும், அமுக்கினால் வேலை நடக்கும், விண்டோஸுக்குப் பதில் நீ போட்டுக்கொடுத்த உபுண்டுவில் மட்டும் பொட்டல் காடு. கேட்டதற்கு, இது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்று பிரசங்கம் செய்தாய். பொதுச் சொத்து எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவளுக்குத் தெரியாதா. போகும்போது பெரிய மனசு பண்ணி, உன்னோடு முகம் பார்த்துப் பேச ஒரே ஒரு குட்டிப் படத்தைத் திரையில் எடுத்து வைத்தாய். எனக்கு அதை அமுக்கப் பயம், அப்பாவுக்குக் கௌரவம். பெங்களூரில் வேலை பார்த்துக் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வராமல் ஃபின்லாந்து போகிறாளே என்று, வழியனுப்ப வாசலுக்குக்கூட வராத மகராசன், அதற்கப்புறம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், அமுக்கிவிடுவாரா?

சும்மாவாவது இருந்திருக்கலாம். வேண்டாததைக் கழித்துக்கட்டு, மற்றதை அதனதன் இடத்தில் வை என்று அவர் கம்பெனியில் ஃபைவ் எஸ் ஒன்று உண்டே, அவர் பார்க்கும் ஸ்டோர்ஸில் அதற்குக் கப் வாங்கியதிலிருந்து நம் வீட்டு உப்பு ஜாடிக்குக்கூட சீட்டு ஒட்டியாகிவிட்டது. பொங்கலுக்கு வீட்டைக் கழுவியபோது கம்ப்யூட்டரையும் விடவில்லை. மூன்று மாசமாக யாரும் தொடாத பொருள் ஸ்கிராப் என்று உன் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டு, தொட்டியையும் காலி செய்துவிட்டு, திரை எவ்வளவு சுத்தம் பார் என்று என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினார்.

அப்புறம்தான் உன் கை விஷயம் வந்தது. நான் சொன்னபோது தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்றார். சாப்பிட்டு எழுந்தவர் நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். படம் எங்கே இருக்கும்? படம் போனதோடு உன்னோடு பேசுகிற வசதியே போய்விட்டது என்று மனுஷன் முகம் செத்துவிட்டது. ஸ்கிராப்புக்குப் போன சாமான் திரும்பி வந்ததாக ஸ்டோர்ஸில் சரித்திரமே இல்லையாம். திட்டலாம் என்று போனவள் திட்டவில்லை, பாவமாக இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறாளே பக்கத்து வீட்டு வெங்கடம்மா மகள் ரூபா, அவளைக் கூட்டிவந்தேன். “ஜூஜுவாடி பார்டர்ல பெங்களூரு போர்டைக் கழட்டிட்டா பெங்களூரே காணாமப் போயிடுமா அங்கிள்” என்று சிரித்தாள். மேலே அப்ளிகேஷன்ஸ் என்பதைத் திறந்து, உள்ளே இருக்கும் படத்தின்மேல் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, டெஸ்க்டாப்பில் சேர் என்று வருவதைத் தொடச் சொன்னாள். அப்பா தொட்டார், படம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவுதான் வித்தை, இதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் உன் பட்டத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

அதற்கப்புறம் அவர் கை நிற்கவில்லை. கால்குலேட்டர், சீட்டாட்டம், எதற்கென்றே தெரியாத இன்னும் நாலு, எல்லாவற்றையும் திரையில் கொண்டுவந்து வைத்துவிட்டார், ஃபைவ் எஸ் காற்றில் போயிற்று. உன் படம் மட்டும் நட்டநடுவில் தனியாக இருக்கிறது. அதன் கீழே இருந்த இங்கிலீஷ் பெயரை எடுத்துவிட்டு, ரூபாவைத் தொந்தரவு பண்ணித் தமிழில் ‘பாப்பா’ என்று போட்டிருக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் அமுக்கவில்லை. டியூட்டி முடிந்து வந்து அதன் முன்னால் உட்காருகிறார், திரையில் தூசி துடைக்கிறார், அணைத்துவிட்டு எழுந்து போகிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை சத்யா. வீம்பில் நீயும் அவர் பெண்தான், ஒரு தடவையாவது அப்பாவிடம் போனைக் கொடு என்று கேட்டிருக்கிறாயா?

கையில் ஈரம் படாமல் பார்த்துக்கொள், பால் குடி, ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாதே. மலைமேல் சந்திரசூடேஸ்வரர் உன்னைக் காப்பாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறக்காமல் கம்ப்யூட்டரில் நீயே கூப்பிடு, நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே. அங்கிருந்து அழைப்பு வந்தால் எதை அமுக்கி எடுக்க வேண்டும் என்று நேற்று ரூபாவிடம் ரகசியமாகக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
தங்கமணி