ஆளில்லை என்று எழுதப்பட்ட மிஷன் பண்ணை

அனுப்புநர்
திருமதி முட்டிண்டா ஹாசூண்டே,
தலைவி, பெற்றோர் சங்கம்,
மிஷன் வேளாண்மைப் பள்ளி,
சிம்வேலே கிராமம், தென் மாகாணம், ஜாம்பியா.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆணையர் அவர்கள்,
நமூங்கா மாவட்டம்.

பொருள்: சிம்வேலே மிஷன் பண்ணையைக் கைவிடப்பட்ட நிலமாக அறிவித்த ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிம்வேலே மிஷன் பண்ணையில் பொறுப்பாளர் எவரும் இல்லை என்றும், நிலம் தரிசாகக் கிடக்கிறது என்றும் தங்கள் நிலப் பிரிவு மேற்பார்வையாளர் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அறிக்கை அளித்துள்ளார். அதன் பேரில் கைவிடப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்ட பண்ணையை வெளிமாவட்டப் பண்ணையார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட வரும் மார்ச் மாதம் கூட்டம் நடக்கும் என அறிவிப்பு வந்திருக்கிறது. அந்த அறிக்கை தவறானது. தவறு நேர்ந்தபோது நான் அருகிலேயே நின்றிருந்தபடியால் இதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்.

2. அன்று மேற்பார்வையாளரின் ஜீப் எங்கள் ஓடைக் களிமண்ணில் அச்சு வரை புதைந்துவிட்டது. உழவு வகுப்பில் இருந்த மாணவிகள் இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டி வந்து இழுத்துக் கரையேற்றினார்கள். அவர்களை நடத்தி வந்தவர் பள்ளிக்கும் அதன் பண்ணைக்கும் தலைவரான அருட்சகோதரர் சூல்வே ஹம்வீம்பா. இடுப்பு வரை சேறு, தோளில் நுகக்கயிறு. அவரிடம் மேற்பார்வையாளர் கேட்டதையும் பெற்ற பதிலையும் அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்ப்பா, பெரிய பிரதர் எங்க?"

"நான்தாங்க பிரதர்."

"வெளையாடாத. நான் கேக்குறது வெள்ளைக்கார பிரதரை."

"அவரு போன ஈஸ்டருக்கு அப்புறம் காலமாயிட்டாருங்க. அந்த மாமரத்துப் பக்கந்தான் அடக்கம் பண்ணியிருக்கோம்."

"அப்ப யாரும் இல்லைன்னு சொல்லு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஆளு உங்க முன்னாடிதானே நிக்கிறாரு?" என்றேன். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, பேனாவை எடுத்து 'ஆளில்லை' என்று எழுதினார். பிறகு பள்ளிச் சமையற்கட்டில் சோளக்களியும் பீன்ஸ் குழம்பும் புளித்த பாலும் பரிமாறினோம். பாலை மறுமுறை கேட்டு வாங்கிக் குடித்தார். விருந்தாளி வயிறு நிறைந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆளில்லாத இடத்தில் அவருக்குச் சோறு போட்டது யார் என்பதை மட்டும் தாங்கள் அவரிடம் விசாரிக்கலாம்.

3. அருட்சகோதரர் சூல்வே இந்த ஊரில் பிறந்தவர். சிறு வயதில் மாடு மேய்த்தவர், இதே பள்ளியில் படித்தவர், பிறகு துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, வேளாண்மைப் பட்டமும் பெற்றுத் திரும்பி வந்தவர். ஹாலந்திலிருந்து வந்து எங்களோடே முதுமையடைந்த அருட்சகோதரர் கோர்னேலியுஸ், தாம் இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊரைக் கூட்டி, பண்ணைச் சாவிக்கொத்தைச் சூல்வேயின் கையில் கொடுத்தார். அதன் பிறகும் பழக்கதோஷத்தில் தம்மிடமே வந்து நின்றவர்களை, எங்கள் டோங்கா மொழியில் அதட்டினார்: "என்னை எதுக்குக் கேக்குறீங்க? அவரைப் போய்க் கேளுங்க. எனக்கே ராத்திரிக்குக் கஞ்சி வேணும்னா அவரைத்தான் கேக்கணும்!" அந்த வெள்ளைக்காரரே கைமாற்றிக் கொடுத்த பொறுப்பைத் தங்கள் அலுவலகம் ஏற்க மறுப்பது எங்களுக்கு விளங்கவில்லை.

4. பண்ணை யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி எழலாம். என்னையே எடுத்துக் கொள்ளுங்கள். என் கணவர் இறந்தபோது அவர் தம்பி வந்து மாடுகளை ஓட்டிச் சென்றார். "எங்கண்ணன் மாடு எங்களுக்கு. நீங்க வேணா ஆட்டைப் பூட்டி உழுங்க அண்ணி" என்று ஊர் கேட்கச் சொன்னார். என் மகள் லுயாண்டோ அப்போது தவழும் குழந்தை. மறுநாள் அருட்சகோதரர் சூல்வே வீட்டுக்கு வந்தார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "லுயாண்டோ அம்மா, அழுது முடிச்சதும் பண்ணைக்கு வாங்க. ரெண்டு முரட்டுக் காளை இருக்கு, பழக்கணும்" என்றார். நான் அழுது முடிக்கக் காத்திராமல் போனேன். பெண் ஏர் பிடித்தால் மழை ஓடிவிடும் என்றார்கள். அந்த ஆண்டு மழை யாரையும் கேட்காமல் பெய்தது. பழக்கிய அந்தக் காளைகளைப் பூட்டி என் நிலத்தை நானே உழுதேன். இன்று உழவு வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். என் கொழுந்தனாரின் மகளும் அதில் ஒருத்தி. இம்மனுவில் எனக்கு அடுத்த கையொப்பம் அந்தக் கொழுந்தனாருடையது.

5. சென்ற அக்டோபரில் தங்கள் ஆட்கள் வயலின் நடுவே எல்லைக்கல் நட்டுச் சென்றார்கள். இளைஞர்கள் கடப்பாரையோடு கிளம்பினார்கள். நானும் அவர்களோடு கிளம்பியவள்தான் என்பதை மறைக்கவில்லை. அருட்சகோதரர் வழிமறித்து நின்றார். "கல்லுல கை வைக்காதீங்க, அது அரசாங்கத்தோடது. மழை வந்தா விதைக்கிறதுதான் நம்ம வேலை. கல்லைச் சுத்தி விதைங்க" என்றார். அப்படியே செய்தோம். இப்போது மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. போன மாதம் அளக்க வந்த தங்கள் பணியாளருக்குத் தம் கற்களே தென்படவில்லை. நாங்களே பயிரை விலக்கி ஒவ்வொன்றாகக் காட்டினோம். "இதையா தரிசுன்னு எழுதியிருக்காங்க?" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார், எங்கள் காதிலும் விழுந்தது.

6. ஆகவே, தாங்கள் நேரில் வந்து பண்ணையைப் பார்வையிட வேண்டும். தவறான அறிக்கையையும் அதன் பேரில் பிறந்த ஆணையையும் நீக்கிப் பொறுப்பாளர் இடத்தில் அருட்சகோதரர் சூல்வே ஹம்வீம்பாவின் பெயரைப் பதிய வேண்டும். மார்ச் கூட்டத்தை நிறுத்த வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகள் என்பதால், தாங்கள் நிறைவேற்றுவீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

இம்மனுவைத் தபாலில் சேர்க்காமல், உழவு வகுப்புப் பெண்களும் நானும் மாட்டுவண்டிகளில் நேரில் கொண்டு வந்திருக்கிறோம். தங்கள் அலுவலகத்திற்கு எங்களால் எந்த இடைஞ்சலும் வராது. சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துள்ளோம். மாடுகளுக்கு வைக்கோலும் இருக்கிறது. பதிலைத் தாங்கள் நிதானமாக எழுதலாம். வாங்கிக்கொண்டு போக வாசலில் இருக்கிறோம்.

இடம்: நமூங்கா
நாள்: 9 பிப்ரவரி 2015

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
(ஒப்பம்) முட்டிண்டா ஹாசூண்டே
சிம்வேலே பெற்றோர் அனைவர் சார்பாகவும் (மற்றவர்கள் கையொப்பம் இணைப்பில்)