காலியாக வந்த டப்பா

2025 ஜூன் 17, செவ்வாய்

வேன் இன்று ஆறு முப்பத்தைந்துக்கே வந்துவிட்டது. அபி ஒரு காலில் ஷூவோடு ஓடினாள். இன்னொரு ஷூவை நான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். டிரைவர் கஸ்பார் சிரிக்கக்கூட இல்லை. பாவம், அவருக்கு இன்னும் பதினேழு வாசல் பாக்கி.

சாயங்காலம் ஏழு பத்துக்குத் திரும்பினாள். ஆறாம் வகுப்புக் குழந்தை பன்னிரண்டரை மணி நேரம் வீட்டுக்கு வெளியே. வாயால் சொல்லும்போது தெரியவில்லை, எழுதினால் பெரிதாகத் தெரிகிறது. நான் சத்துணவு அமைப்பாளராக இருக்கிற நடுநிலைப்பள்ளியில்தான் போன வருடம் வரை படித்தாள். ஒன்பது மணிக்கு என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வருவாள். மத்தியானம் தட்டோடு என் முன்னாலேயே வரிசையில் நிற்பாள்.

டாக்டர் ஆக வேண்டுமென்றால் ஆறாவதிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று இவர் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் வண்டியில் இருந்துகொண்டு போனில் சொன்னார். அவரை மட்டும் சொல்வானேன்? சேர்த்த அன்றைக்கு அந்தத் தனியார் பள்ளி வாசலில் அபியை நிறுத்திப் போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியது நான்தான்.

முதல் நாள் வேனில் ஏற்றும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "டப்பா காலியா வந்தாப் போதும் சாமி. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

இன்றைக்கும் காலி. ஒரு பருக்கை இல்லை. நல்ல பிள்ளை.

ஜூன் 19, வியாழன்

தக்காளி சாதம், உருளைக்கிழங்கு. டப்பா காலி. கழுவி வைத்த மாதிரி இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பழனியம்மாள் அக்கா என்னைக் கிண்டல் செய்தார். எங்கள் மையத்தின் சமையலர் அவர். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் நானும் ஒரு ஆசிரியரும் சாப்பிட்டுப் பார்த்து, ருசிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எண்பத்தாறு பிள்ளைகளுக்கு முந்தி முதல் கவளம் என் வாயில். "டீச்சரு நாக்குக்குத்தான் கவருமெண்டு சம்பளங் குடுக்குது" என்றார். ஊரில் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், சத்துணவு டீச்சர்.

ராத்திரி அபி ஐந்து தோசை சாப்பிட்டாள். ஆறாவது தோசையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். டப்பாவும் காலி, இவ்வளவு பசியும் எங்கிருந்து வருகிறது? வளர்கிற வயசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பாவாடைக் கொக்கியை உள்ளே தள்ளித் தைக்க வேண்டியிருக்கிறதே. வளர்கிற பிள்ளைக்கு இடுப்பு எதற்குச் சுருங்கும்?

ஜூன் 30, திங்கள்

டப்பா காலி. எனக்குத்தான் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 4, வெள்ளி

கஸ்பார் இன்று வேனை அணைத்துவிட்டு இறங்கினார். இறங்கவே மாட்டார் அந்த மனிதர். அபி உள்ளே போகும் வரை காத்திருந்து, பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா ரோசனைங்க. பாப்பா தெனமும் கோழிப்பண்ணைத் திருப்பத்துல ஜன்னல் வழியா டப்பாவக் கொட்டிருதுங்க. அங்க ரெண்டு நாயிங்க இப்ப நம்ம வேன் சத்தம் கேட்டாலே ரோட்டோரம் வந்து நிக்குதுங்க."

மிச்சமிருக்கும் குடிதண்ணீரில் டப்பாவை அலசியும் விடுவாளாம். அதுதான் அந்தக் கழுவி வைத்த பளபளப்பு. நான் மெச்சிக்கொண்ட பளபளப்பு.

உள்ளே போய்க் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஓங்கியதே அடித்த மாதிரிதான். அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, "நீதானம்மா சொன்ன, டப்பா காலியா வந்தாப் போதும்னு?" என்றாள்.

சொன்னேன். ஐயோ, சொன்னேன்தான். சாப்பிடுன்னு நான் சொல்லவே இல்லையே.

ஜூலை 6, ஞாயிறு

தலை பின்னும்போது கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேச மாட்டாள், முதுகைப் பார்த்துக் கேட்டால் பேசுவாள்.

அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஒன்றரைக்கு. பெரிய வகுப்புகள் முடித்த பிறகுதான் இவர்கள் முறை. இருபது நிமிடம். அதில் கை கழுவ வரிசை, பாத்ரூமுக்கு வரிசை. நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே அடுத்த பரீட்சைத் தாளைக் கொடுத்துவிடுவார்களாம், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கட்டும் என்று. சரி, பத்து நிமிடத்தில் நாலு வாயாவது சாப்பிடலாமே என்றேன்.

"சாப்பிட்டாத் தூக்கம் வருதும்மா. தூங்குனா பெஞ்சு மேல நிக்க வெப்பாங்க. சாப்பிடலீன்னா வயிறு வலிக்கும், ஆனாத் தூக்கம் வராது."

பதினோரு வயதுப் பிள்ளை கண்டுபிடித்து வைத்திருக்கிற உபாயம் இது. அதற்கு மேல் எனக்குப் பின்னல் சரியாக வரவில்லை. மூன்று தடவை அவிழ்த்துப் போட்டேன்.

எழுந்து போகும்போது, "அப்புறம் அது நாறுதும்மா" என்றும் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் இரண்டு டப்பா கட்டினேன். ஒரே எலுமிச்சை சாதம், ஒரே தேங்காய்த் துவையல், ஒரே நேரத்தில் மூடி. ஒன்று அவளோடு போயிற்று, இன்னொன்று என் பையில். எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, தட்டு கழுவி, விளையாடவும் போய்விட்டார்கள். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். சரியாக ஒன்றரைக்குத் திறந்தேன்.

ஐந்தரைக்கு ஆவியோடு மூடிய சோறு. மூடியெல்லாம் வேர்த்து, துவையல் நூல் விட்டிருந்தது. ஒரு கவளம் வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. பத்து வருடமாக ருசி பார்க்கிற நாக்கு, என் சொந்தப் பிள்ளை சாப்பிடுகிற நேரத்தில் அவள் சோற்றை ஒரு நாளாவது பார்த்திருக்கிறதா? எட்டு மணி நேரத்துச் சோற்றை இங்கே பரிமாறினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பழனியம்மாள் அக்கா எட்டி மோந்து பார்த்தார். "ஏனுங் டீச்சர், ஆருக்கு இது? நாய்க்குத்தான் போடோணும்."

நாய்க்குத்தான் போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். ஆறாம் வகுப்பைக் கவனிக்கிற மேடம் மிக மரியாதையாகப் பேசினார். அதுதான் எரிச்சல். கத்தினால் நானும் கத்தியிருப்பேன். சாப்பாட்டு நேரத்தைக் கூட்டினால் சாயங்காலம் விடுகிற நேரமும் தள்ளிப்போகுமாம், பரவாயில்லையா என்று கேட்டார். மற்ற பிள்ளைகள் எல்லாம் பழகிக்கொண்டார்களாம். முடியாவிட்டால் ஒன்றரைக்குச் சூடாகக் கொண்டுவந்து கேட்டில் கொடுங்கள், நிறைய அம்மாக்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

ஒன்றரைக்கு நான் எங்கே இருப்பேன்? கழுவுகிற அண்டாவும் கணக்கு நோட்டுமாக, இருபது கிலோமீட்டர் தள்ளி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே வந்துவிட்டேன்.

ராத்திரி இவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "சோறாக்கற எடத்துலயே இருந்து இருந்து உனக்குச் சோத்தத் தவர ஒண்ணும் தெரியறதில்ல" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. கட் செய்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மிச்சம் இருந்தால் அப்படியே கொண்டுவா, திட்ட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கெடாது என்று சப்பாத்தியும் வெல்லமும்.

நிறைய வந்தது. மூடி திறந்த அடையாளமே இல்லை. திட்டவில்லை. நானே அதைச் சாப்பிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

அரை சப்பாத்தி குறைந்திருக்கிறது. அதற்கே சாமிக்கு விளக்குப் போட்டேன். இப்படியா ஆகிவிட்டேன்?

ஜூலை 24, வியாழன்

மாதத் தேர்வில் அபி வகுப்பில் முதல். இவர் அதை உறவுக்காரர்கள் குரூப்பில் போட, எல்லாரும் கை தட்டுகிற படம் அனுப்பியிருக்கிறார்கள். டப்பா நிறைய வந்திருக்கிறது. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மார்க் அட்டையையும் டப்பாவையும். சந்தோஷப்பட முடியவில்லை. சந்தோஷப்படாமலும் இருக்க முடியவில்லை. நான் இந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, நாளைக்கு அவள், "உன்னாலதாம்மா எல்லாம் போச்சு" என்று சொன்னால்? நிறுத்தாமல் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

யாராவது ஒருவர் முடிவாகச் சொன்னால் தேவலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. நேற்று இவர் ஊருக்கு வந்துவிட்டார். வண்டி ஓட்டம் மழையால் நின்றிருக்கிறது. குமாரபாளையத்தில் ஆற்றுக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. அவ்வளவு கூட்டத்திலும் இரைச்சலிலும் அபி படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். இவர் தூக்கித் தோளில் போட்டார். நாலடி நடந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன, புள்ள இப்படி லேசா இருக்கறா?"

வரும் வழியில் ஒரு பந்தயம் மாதிரிக் கேட்டேன். நாளைக்கு ஒரே ஒரு நாள் நீங்கள் அபி மாதிரி இருங்கள், காலை ஆறுக்கு இரண்டு இட்லி, பிறகு ஒன்றரைக்கு டப்பா, நடுவில் ஒன்றும் கிடையாது என்றேன். போர்வெல் ரிக்கில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு பந்தயமா என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பரிமாறி, கணக்கெழுதி முடித்ததும் ஸ்கூட்டியை முடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மணி இரண்டு. இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டப்பா திறந்திருந்தது. ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. வேறு எதையும் எடுத்துச் சாப்பிட்டிருக்கவில்லை. ரோஷக்காரர், பந்தயத்தை மட்டும் மீற மாட்டார்.

டப்பாவை மூடித் தள்ளி வைத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரிக்குல மணிக்குச் சோறு வரலீன்னா மிசினையே நிறுத்திப்போடுவோம். பசியோட எவனையும் ராடு புடிக்க உட மாட்டோம். கை நழுவுச்சுன்னா ஆளே போயிருவான். எம்பட புள்ளைய மட்டும் நானே..."

நான் சட்டியில் இருந்த பழைய குழம்பைச் சூடாக்கி, புதிதாகச் சோறு வடித்துப் போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாதி இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். அந்த மேடம் இன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் தலைமையாசிரியர் கலையரசன் சாரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அவ எடம் அங்கயேதான் இருக்குதுங்க, கூட்டியாங்க" என்று முடித்துவிட்டார். நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்த விளக்கம் எல்லாம் வீண்.

அபிதான் தாங்கவில்லை. "அப்ப நான் பெயிலா?" என்று கேட்டாள். இல்லை சாமி, நாங்கள்தான் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. போர்வைக்குள் அழுத சத்தம் கேட்டது. அந்தப் பள்ளிச் சீருடையை அவளே மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

செய்தது சரியா? எழுதி எழுதிப் பார்க்கிறேன், தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று கோழிப்பண்ணைத் திருப்பத்தில் கஸ்பார் எதிரே வந்தார். ஹாரன் அடித்துக் கையசைத்தார். அந்த இரண்டு நாய்களும் வேன் சத்தத்துக்கு எழுந்து ரோட்டோரம் வந்து நின்றன. வேன் நிற்காமல் போனது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அபி அவற்றைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் அவள் தட்டைச் சுத்தமாக வழித்துத்தான் கொண்டுவருகிறாள். கொண்டுவந்து என் கண்முன் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கழுவப் போகிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடுகிறாளா, எனக்காகக் காலி செய்கிறாளா?

செப்டம்பர் 2, செவ்வாய்

கொண்டைக்கடலை சாதம், தக்காளி மசாலா முட்டை. பன்னிரண்டு மணிக்கு ருசி பார்த்து, 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அபி வரிசையில் பதினாலாவதாக நின்றாள். பக்கத்துப் பெண்ணோடு எதற்கோ சிரித்துக்கொண்டே வந்து தட்டை நீட்டினாள்.

கால் மணி கழித்துத் திரும்பி வந்தாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மஞ்சள் கரு முழுசாக. கடலையை எல்லாம் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கியிருந்தாள்.

"போதும்மா. கடலை வேகலை."

பழனியம்மாள் அக்காவுக்கு வந்ததே கோபம். டீச்சர் புள்ளையே இப்படி மிச்சம் வெச்சா மத்த புள்ளைங்க என்ன பண்ணுமுங்க என்று ஆரம்பித்தார். நான் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டேன். நடுவில் கல் மாதிரிதான் இருந்தது. எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

அபி திட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "சரி, போய் வெளையாடு" என்றேன்.