பீச்சாங்கை ஓட்டு

3-8-92
ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவொளிக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். வகுப்புத் தலைவியைப் படிப்பவர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ராஜபாளையத்தில் எங்கள் தெரு எழுத்தறிவு வகுப்பில் பத்தொன்பது பெண்கள். ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். என்னை விட்டால் யார்?

5-8-92
பிச்சையம்மாள் போட்டிக்கு நிற்கிறாள்! என்னிடம் படிக்கிறவள்தான், பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் அங்கே வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களை நான் உள்ளே விடுவதில்லையாம். "நான் வந்தா ஏழு மணி வரைக்கும் கதவத் தொறந்து வைப்பேன்" என்கிறாள். ஒழுங்கு வேண்டாமா?

8-8-92
துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டார்கள். எனக்குப் பதினொன்று, அவளுக்கு எட்டு. ஜெயித்துவிட்டேன். ஆனால், எண்ணியது நான். அத்தனையும் நான் கைபிடித்துப் பழக்கிய எழுத்து — யாருடையது என்று பார்த்தவுடன் தெரிகிறதே. பிச்சையம்மாளுக்குப் போட்டிருப்பது செல்லக்கனியுமா? அவளுக்காக எம்புட்டுப் பாடுபட்டேன்!

10-8-92
செல்லக்கனியை இன்று வாசிக்கச் சொல்லவில்லை.

11-8-92
இன்றும்.

12-8-92
பிச்சையம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "எங்க எழுத்த வச்சு யாரு யாருக்குப் போட்டாகன்னு கண்டுபிடிச்சிட்டீகல்ல டீச்சர்?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பொய் சொல்ல வரவில்லை. "ஆமா" என்றேன். மறுபடி தேர்தலாம். இந்தத் தடவை எல்லாரும் இடது கையால் எழுதுவார்களாம்.

"பீச்சாங்கையாலயா என் பேர எழுதப் போறீக?" என்று கத்தினேன்.

செல்லக்கனிதான் மெதுவாகச் சொன்னாள். "மரியாத மனசுல இருக்கு டீச்சர். ஓட்டு ரகசியமா இருக்கட்டும்."

17-8-92
கோணல்மாணலாகப் பத்தொன்பது சீட்டு. எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. எனக்கு ஐந்து. அவளுக்குப் பதினாலு.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்படியானால் அன்று எனக்குப் போட்டவர்கள் — என்னிடம் பயந்துதான் போட்டார்களா? நானா அப்படி?

2-9-92
கதவு ஏழு மணி வரை திறந்திருக்கிறது. புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

20-9-92
பிச்சையம்மாள் வீட்டுக்கு வந்தாள். முதலாளியிடம் பேசுவதற்கு ஷெட்டுப் பெண்கள் தங்களுக்குள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம்.

"முன்னெல்லாம் சம்பள நோட்டுல கைநாட்டு. இப்ப கையெழுத்துப் போடுறோம்ல, சூப்பர்வைசருக்கு எங்க எழுத்து அத்துப்படி. அதான் அங்கயும் பீச்சாங்கை. சீட்ட எண்ண நீங்க வாரீகளா?"

"நானா? நான் பண்ணுன வேலைக்கு அப்புறமுமா?"

"கேட்டதும் ஆமான்னு ஒத்துக்கிட்டீகல்ல. அப்படி ஒரு ஆளுதான் வேணும்னு எல்லாரும் சொல்லிட்டாக."

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் போக வேண்டும்.